ரதிக்கு வைக்காத பொட்டு

முல்லைத்தீவு
14.02.1982

சுடலைமுத்து அண்ணனுக்கு,

கிறேஸ் டீச்சர் எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு நலமும் இல்லை, ஆவலும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பரிசளிப்பு விழா முடிந்து நாலாம் நாள் நடராசா மாஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இடமாற்றக் கடிதத்தை நீட்டினார். "உங்கட ஊருக்குக் கிட்டவே கிடைச்சிருக்கு டீச்சர், சந்தோசப்படுங்கோ" என்று ஒரு சிரிப்பு வேறு. பள்ளிக்கூட அதிபர் சிரித்துக்கொண்டு தருகிற கடிதத்தை வாங்காமல் விட முடியுமா? அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டேன். உங்களிடம் வந்து சொல்லிவிட்டுப் போக நேரம் இருக்கவில்லை. இங்கே மூன்றாம் வகுப்பைத் தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். மீன் வலை இழுக்கிற நாட்களில் பாதிப்பேர் வருவதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. விழா நடந்த நாளிலிருந்து உங்கள் மகள் பேச்சியம்மா பள்ளிக்கூடம் வரவில்லை என்று விமலேஸ்வரி டீச்சர் எழுதியிருக்கிறா. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நீங்கள்தான் மறித்து வைத்திருக்கிறீர்களாம்! ஏன் அண்ணன்? சாதாரண தரப் பரீட்சை எடுக்க வேண்டிய பிள்ளை. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கண்ட பிள்ளைகளுக்குள்ளே தமிழை அப்படி எழுதுகிற ஒருத்தியை எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சங்கீதத்துக்கு ஒரு ஆசிரியரைத் தாருங்கள் என்று இரண்டு வருடம் கல்விக் கந்தோருக்கு நடந்தேன். கடைசியில் ஆள் வரவில்லை, ஒரு ஆர்மோனியப் பெட்டி வந்தது. அதற்குள்ளே எலி குட்டி போட்டது. அப்போதுதான் உங்கள் குடியேற்றத்துக்குச் சைக்கிளில் வந்தேன். கந்தோர் ஆள் தராவிட்டால் ஊரில் ஆள் இருக்கிறது என்று உங்கள் கோயில் சபையிடம் கேட்டேன். வயல் வேலை முடித்து, சேறு கழுவின காலோடு, தப்புப் பறையைத் தோளில் போட்டுக்கொண்டு வாரத்தில் இரண்டு பின்னேரம் வந்தீர்கள். பின்னக் கணக்கு என்றால் ஓடி ஒளிகிற பொடியள் தப்பு அடியில் அரையும் காலும் பிரித்துக் காட்டினார்கள். விழாவுக்குப் பழகின காமன் கூத்தில் வருகிற ரதி புலம்பலைப் பேச்சி தன் கையால் புதிதாக எழுதினாள். அதைத்தான் நான் தமிழ்ப் பாடத்துக்கு வாசிக்கக் கொடுத்தேன்.

காமன் கூத்து பாதியில் நின்றது எனக்கும் வயிற்றெரிச்சல்தான். விழாவுக்கு வந்த கல்வி அதிகாரிக்கு நேரம் போய்விட்டதாம், எழும்பிவிட்டார். அதற்குப் பிள்ளையின் படிப்பில் கை வைப்பதா? பதில் எழுதுங்கள்.

கிறேஸ்


வட்டக்கச்சி
18.02.1982

மதிப்புக்குரிய டீச்சருக்குச் சுடலைமுத்து எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம் உங்களுக்கு மட்டும்தான் வருமா? எனக்கும் வரும். படித்தவர் கோபித்தால் கடிதம், நாங்கள் கோபித்தால் திமிர். அப்படித்தானே?

நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஆனாலும் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், காமன் எரிகிறான். ரதி பொட்டை அழிக்கிறாள், பூவைப் பிய்த்துப் போடுகிறாள், வளையலை உடைக்கிறாள், அழுகிறாள். அதுவரைக்கும் பாதி. பிறகு சிவன் மனம் இரங்கிக் காமனை எழுப்புகிறார். கூத்துப் பார்க்க வந்த சுமங்கலிகள் எழுந்து வந்து ரதிக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, வளையல் போட்டு விடுவார்கள். அப்புறம்தான் வேசம் கலைக்கலாம். எங்கள் ஆட்கள் மலையில் தேயிலைத் தோட்டத்திலும் அப்படித்தான், இங்கே வந்தும் அப்படித்தான்.

அன்றைக்கு என்ன ஆச்சு? பேச்சி பொட்டை அழித்து, வளையலை உடைத்து அழுதுகொண்டு நிற்கிறாள். அதிகாரி எழும்புகிறார். மாஸ்டர் கையைத் தூக்கி, போதும், நிறுத்து என்கிறார். மணி அடிக்கிறது. நன்றியுரை. கொண்டைப்பூவைப் பிய்த்த தலையோடும் வெறும் நெற்றியோடும் என் மகள் மேடையை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையால் எல்லா வீட்டு வாசலையும் தாண்டி நடந்து வந்தாள். கலியாணம் ஆகாத பிள்ளை, டீச்சர்.

என் சம்சாரம் அன்னபாக்கியம் அவளைப் பார்த்ததும் வாசல் படலையிலேயே குந்திவிட்டாள். "ஊருக்கு முன்னால தாலியறுத்தவ கோலத்துல எம்புள்ளய அனுப்பிட்டாங்களே. அழிச்ச பொட்ட எந்த மண்ணுல அழிச்சாங்களோ அந்த மண்ணுலதான் வைக்கணும். அதுவரைக்கும் அந்தப் படி ஏற மாட்டா" என்று சொன்னவள்தான். அதற்குப் பிறகு பேச்சி பொட்டே வைப்பதில்லை. வீட்டிலே வைத்துவிடக் கூடாது. வைக்காமல் பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். நெளுக்குளத்தில் இருக்கிற என் தங்கச்சி மார்ச் எட்டாம் திகதி வருகிறாள். அவள் கூட அனுப்பி ஒரு கடையில் வேலைக்கு விடப்போகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரதி வேசம் எங்கள் ஊரில் ஆம்பிளைதான் கட்டுவான். பொம்பிளைப் பிள்ளைதான் கட்ட வேண்டும் என்று நின்றது நீங்கள். உங்கள் சொல்லுக்காகக் கோயில் சபையோடு நான் சண்டை பிடித்தேன். தப்பு மேடையில் ஏறக்கூடாது, கீழே மண்ணில் நின்று அடிக்கட்டும் என்று மாஸ்டர் சொன்னபோது, கொஞ்சம் பொறுத்துப் போங்கள் அண்ணன் என்றதும் நீங்கள்தான். பொறுத்தேன். பொறுத்துப் பொறுத்து என் மகள் நெற்றி வெறுமையாகிவிட்டது.

நீங்கள் வேதக்காரர். உங்கள் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமையோடு கதையை நிறுத்திவிட்டு, நன்றி வணக்கம் சொல்லி வீட்டுக்குப் போவீர்களா?

சுடலைமுத்து


முல்லைத்தீவு
21.02.1982

அண்ணன்,

பொட்டு வைப்பது எனக்கு விளங்காது என்று நினைக்க வேண்டாம். அது பிள்ளையின் மனதை நோகப்பண்ணும் என்பதும் விளங்கும். ஆனால் ஒரு பிள்ளையின் முழுப் படிப்பையும் ஒரு சிட்டிகைக் குங்குமத்தோடு கட்டிப் போடுகிறீர்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. அது நாடகம். காமன் வேசம் போட்ட கணபதி அடுத்த நாளே பள்ளிக்கூடம் வந்து வடை தின்றுகொண்டு நின்றானாம். எரிந்தவன் வரலாம், அழுதவள் வரக்கூடாதா? ஆம்பிளைப் பிள்ளைக்கு ஒரு சட்டம், பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு சட்டம்!

எல்லாப் பழியையும் என் தலையிலே போட்டிருக்கிறீர்கள். ரதிக்குப் பொம்பிளைப் பிள்ளை கேட்டது நான்தான், ஓம். பேச்சி எழுதின புலம்பலை வேறு யார் பாடுவது? இன்னொரு தரம் என்றாலும் அவளைத்தான் கேட்பேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கூத்தை நிறுத்தியது யார்? மாஸ்டர் கையைத் தூக்கினார், சரி. அவர் கையில் என்ன மந்திரமா இருக்கிறது? மேடையில் நின்ற பிள்ளைகள் உங்களைத்தான் பார்த்தார்கள். நானும் உங்களைத்தான் பார்த்தேன். தப்பு நின்றது. அதோடு எல்லாம் நின்றது. நீங்கள் அடித்துக்கொண்டே இருந்திருந்தால் சிவன் இரங்கியிருப்பார், காமன் எழும்பியிருப்பான், அதிகாரி வேண்டுமென்றால் பின்பக்கத்தால் போயிருப்பார். குச்சி உங்கள் கையில்தானே இருந்தது? என்னைக் கேட்பதற்கு முதல் உங்களைக் கேளுங்கள்.

பேச்சியைக் கடைக்கு அனுப்ப வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கிறேஸ்


வட்டக்கச்சி
24.02.1982

டீச்சருக்கு,

குச்சி என் கையில்தான் இருந்தது.

மேலே நிற்கிறவர் கையைத் தூக்கினால் கீழே நிற்கிறவன் நிறுத்துவான். அது என் உடம்பில் ஊறிப்போனது. தோட்டத்தில் கங்காணி கையைத் தூக்கினால் நின்றோம், துரை கையைத் தூக்கினால் நின்றோம். எழுபத்தேழுக் கலவரத்தில் வீட்டைக் கொளுத்தின பிறகு, ஏறு என்று ஒருத்தன் கையைக் காட்டின லாரியில் ஏறி இந்த ஊருக்கு வந்தோம். எங்கே கொண்டுபோகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. உங்களுக்கு அது சின்ன விசயம். நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தீர்கள்.

கணபதி ஆம்பிளை. அவன் எரிந்தாலும் ஊர் அவனை ஒன்றும் சொல்லாது. அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் மகளை ஊர் சொல்லும். நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன்.

தங்கச்சி எட்டாம் திகதி வருகிறாள். இனிமேல் எழுத வேண்டாம்.

சுடலைமுத்து


முல்லைத்தீவு
28.02.1982

சுடலைமுத்து அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. கோயிலடியில் எங்கள் ஆட்கள் ஆண்டவருடைய பாடுகளின் நாடகத்துக்குப் பழகத் தொடங்கிவிட்டார்கள். இன்றைக்குப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, நீங்கள் கேட்ட கேள்வியை அப்படியே அம்மாவிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமையோடு நாடகத்தை நிறுத்தினால் என்ன என்று. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைத்துவிட்டு, "உனக்கென்ன விசரே? ஆண்டவரைக் கல்லறைக்குள்ள விட்டிட்டு நாங்கள் எங்க போறது?" என்றா. ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே சொன்னார்: "உயிர்த்த பூசை காணாமல் ஒருத்தனும் வலையில கை வைக்கமாட்டான். வைக்கவும் விடமாட்டம்."

நான் சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளியும் சனியும் வள்ளங்கள் கரையிலே கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அது என்னுடையது என்பதால் எனக்கு நாடகமாகத் தெரியவில்லை. உங்களுடையதைத்தான் நாடகம் என்று எழுதிவிட்டேன். உங்கள் கையில் இருந்த குச்சியைப் பற்றியும் நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

இனி அடுத்த கதையைக் கேளுங்கள், வயிறு எரியும். மிச்சக் கூத்தை ஆடுவதற்குப் பள்ளிக்கூட முற்றத்தை ஒரு பின்னேரம் தாருங்கள் என்று போன கிழமை மாஸ்டருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. "பாடசாலை சமயக் கூத்துக்குரிய இடமன்று. தாங்கள் தற்போது இப்பாடசாலையின் ஆசிரியருமல்ல." அதே கிழமை விமலேஸ்வரி டீச்சர் எழுதியிருக்கிறா. கல்விக் கந்தோரில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்திருக்கிறதாம். சமூகத்தோடு இணைந்து கலைகளைப் பாடங்களுக்குள் கொண்டுவந்ததற்காகவாம்! மாஸ்டர் அதைக் கண்ணாடி போட்டுத் தன் கதிரைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாராம். சமூகம் வெளியே, கலை வெளியே, அதைச் செய்தவள் முல்லைத்தீவில். பத்திரம் மட்டும் உள்ளே. சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்தேன்.

அண்ணன், அந்த மனிசனோடு மூன்று வருடம் வேலை செய்தவள் நான். ஒரேயொரு காரியத்துக்குத்தான் அவர் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சிரமதானம். யார் வந்து முற்றத்துப் புல்லைச் செருக்குகிறோம் என்றாலும் கேற்றைத் திறந்துவிடுவார், தேத்தண்ணியும் தருவார். முற்றத்தில் புல் முழங்காலுக்கு நிற்கிறதாம். சனிக்கிழமை ஆறாம் திகதி உங்கள் சபை சிரமதானத்துக்கு வருகிறது என்று சொல்லுங்கள். குடும்பத்தோடு போங்கள், மண்வெட்டியோடு போங்கள். சாக்குக்குள் வேறு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நான் வர முடியாது. லீவு கேட்டேன், புதிதாக வந்தவளுக்கு லீவு இல்லை என்றார்கள். சனிக்கிழமைகூட இங்கே கோயில் பழுதுபார்க்கிற வேலைக்கு ஆசிரியர்கள் நிற்க வேண்டுமாம். எங்கே போனாலும் எனக்குச் சிரமதானம்தான் வாய்த்திருக்கிறது.

எட்டாம் திகதிக்கு முதல் செய்யுங்கள்.

கிறேஸ்


வட்டக்கச்சி
09.03.1982

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

நீங்கள் எழுதினதைக் கிழிக்கவில்லை. சபையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாராட்டுப் பத்திரம் வந்த இடத்தில் கிழவர்கள்கூடக் கெட்ட வார்த்தை பேசினார்கள். உங்கள் ஐயா சொன்னதைக் கேட்டுவிட்டு அன்னபாக்கியம், "அந்தாளுக்குத் தெரியுது பாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைக்குச் சம்மதித்தாள்.

காலையிலேயே போனோம். ஆம்பிளைகள் மண்வெட்டியோடு, பொம்பிளைகள் கூடையோடு. மாஸ்டர் வாசலில் நின்று, "குடியேற்றச் சனத்துக்குத்தான் பள்ளிக்கூடத்தில அக்கறை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பத்து மணிக்கு முற்றம் சுத்தமாகிவிட்டது. செருக்கின காய்ந்த புல்லை மேடைக்கு முன்னால் குவித்தோம். குப்பைதானே, கொளுத்தட்டும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி சொல்ல உள்ளே போனார். கொளுத்தினோம். சாக்கை அவிழ்த்து அந்த நெருப்பிலேயே தப்பைக் காய்ச்சினேன். தோல் விறைத்து நல்ல சத்தம் வந்தது.

பேச்சி அதே சேலையில் வந்திருந்தாள், மேலே ஒரு பழைய சட்டையைப் போட்டு மூடிக்கொண்டு. சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். நானும் ஏறினேன் டீச்சர். கீழே நிற்கவில்லை, மேடையில் நின்று அடித்தேன். விட்ட இடத்திலிருந்து பாடினாள். அவள் எழுதின பாட்டுத்தான், எங்கள் பழைய பாட்டு இல்லை. அன்னபாக்கியம் அதை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டாள். கணபதி சாம்பல் பூசிக்கொண்டு நெருப்புக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தான்.

தப்புச் சத்தம் கேட்டு மாஸ்டர் ஓடி வந்தார். "நிப்பாட்டு! ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?" என்று கத்தினார். கத்தினது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் கையைத் தூக்கினார்.

பழைய பழக்கத்தில் ஒரு அடி தவறிவிட்டது, பொய் சொல்லவில்லை. குச்சி விழப் பார்த்தது. பேச்சி பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் அடித்தேன். அவர் கையைத் தூக்கியபடியே நின்றார், நான் அடித்துக்கொண்டே நின்றேன். சிவன் வந்தார், காமன் எழும்பினான், எங்கள் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

பொட்டு வைக்கிற நேரம் எங்கள் பொம்பிளைகள் எழும்பப் பயந்தார்கள். மாஸ்டர் குறுக்கே நிற்கிறாரே. அப்போது பக்கத்துக் குவாட்டர்சில் இருந்து அவருடைய சம்சாரம் கமலேஸ்வரி அம்மா வந்தா. குசினியில் நின்றபடியே வந்திருப்பா போல, கையில் மா ஒட்டியிருந்தது, மற்றக் கையில் குங்குமச் சிமிழ். மாஸ்டரைத் தாண்டிப் போகும்போது சொன்னா: "அண்டைக்கும் நான் யன்னலால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். குமர்ப்பிள்ளையை இப்பிடி இறக்கி அனுப்பிப்போட்டு உங்களுக்கு எப்பிடிச் சோறு இறங்குது? கையைக் கீழ விடுங்கோ."

அவர் கையைக் கீழே விட்டார்.

அந்த அம்மா பேச்சி நெற்றியில் முதல் பொட்டை வைத்தா. அப்புறம் அன்னபாக்கியம் வைத்தாள், அப்புறம் எல்லோரும். நெற்றி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் தப்பை விடவில்லை. கடைசி அடிவரைக்கும் அடித்துத்தான் நிறுத்தினேன். நானாக நிறுத்தினேன்.

தங்கச்சி நேற்று வந்தாள். சாப்பிட்டுவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள். பேச்சி நேற்றே பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. முடியவில்லை. இன்றைக்குப் பின்னேரம் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். நீங்கள் எடுத்த அந்தக் கலைப்பாட நேரத்தை மாஸ்டர் வெட்டிவிட்டாராம். அதற்குப் பதிலாகத் தோட்டவேலையாம். எங்கள் குடியேற்றத்துப் பிள்ளைகள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, கத்தரிப் பாத்தி கொத்த விட்டிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் தண்ணி ஊற்றினார்களாம்.

பேச்சி சொல்லி முடிக்கவில்லை, அன்னபாக்கியம் அடுப்படியில் இருந்து எழும்பி வந்தாள். இவள்தானே டீச்சர் ஒரு மாசம் பிள்ளையை அந்தப் படி ஏறவிடாமல் வைத்திருந்தவள்? "மம்பட்டி பிடிக்கவா எம்புள்ளய அனுப்புறேன்? அதுக்கு ஊட்டுலயே நாலு மம்பட்டி கெடக்கு. பாட்டு எழுதுற புள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கச் சொல்லு. அந்த டீச்சர கூட்டியாரச் சொல்லு" என்று கத்துகிறாள். நாளைக்குக் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகப் போகிறாளாம். பக்கத்து வீட்டுப் பொம்பிளைகளையும் கூப்பிட்டிருக்கிறாள். நீ எதுக்கு, நான் போகிறேன் என்றேன். அவரு கை தூக்கினா நீ நின்னுடுவ என்கிறாள். இன்னும் அதைச் சொல்கிறாள்!

சொல்லட்டும். நானும் கூடப் போகிறேன். வைக்கோல் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கிறேன், தப்பைக் காய்ச்ச.

சுடலைமுத்து